அறிக்கையின் அடியில் இருந்த பெயர்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, விடிந்து ஆறு மணி ஆகியிருக்காது, தண்டையார்பேட்டையிலிருந்து அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா போயிட்டாங்கண்ணா" என்றாள். அதற்குமேல் அவளுக்கும் பேச்சு வரவில்லை, எனக்கும் வரவில்லை. முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் காசிமேட்டில் வாங்கிய சங்கரா மீனை அவர் வீட்டில் கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்று அரை மணி நேரம் பேசிவிட்டு வந்திருந்தேன். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "ஐஸ் மீனை வாங்கிட்டு வந்துட்டியேப்பா" என்று அன்றைக்கும் திட்டினார். அவர் என்னிடம் கண்டுபிடித்த கடைசிக் குறை அதுதான்.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. வீட்டாரிடம் கேட்டபோது அம்மாவுக்குப் பிடிக்காது என்றார்கள். எனக்கும் அது தெரிந்ததுதான். மணலிக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட ஆலை ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் மக்கள் தொடர்பு அலுவலராக இருந்தவரின் பெயர், செய்திக் குறிப்புகளின் அடியில், 'மேலும் விவரங்களுக்கு' என்ற சொற்களுக்குப் பக்கத்தில், தொலைபேசி எண்ணோடு சேர்ந்து மட்டுமே இருக்கும். யாராவது நிருபர் அதைச் செய்திக்குள் சேர்த்துவிட்டால் மறுநாள் அவரை அழைத்துச் சண்டை போடுவார். "பேரு தெரியிற பி.ஆர்.ஓ. எங்கியோ தப்பு பண்ணியிருக்கான்னு அர்த்தம்ப்பா" என்பார். நானறிந்து ஒரு முறை, தடுக்க வழியில்லாமல், அந்தப் பெயர் எல்லாப் பத்திரிகைகளிலும் செய்திக்குள் வந்தது. அதற்குக் காரணம் நான். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவர் யார் என்று சொல்லாமல் அதைச் சொன்னால் பாதிதான் விளங்கும்.

நான் அந்த ஆலையில் 1998இல் அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தேன். அக்கா என்று அழைத்தது பிறகுதான். இந்த வேலைக்குத் தமிழில் மக்கள் தொடர்பு என்று பெயர் இருந்தாலும், நம் ஊரில் பி.ஆர்.ஓ. என்றால் அது சினிமா வேலை என்ற எண்ணம்தான் இன்றைக்கும் இருக்கிறது. பிலிம் நியூஸ் ஆனந்தன் தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளர் என்று பெயர்பெற்ற காலத்திலிருந்து படத்தின் எழுத்துவரிசையில் அந்தச் சொல்லைப் பார்த்துப் பழகிய ஊர் இது. எனக்கு வேலை கிடைத்த செய்தியைக் கேட்ட என் பெரியப்பா, எந்த ஹீரோவுக்கு என்று கேட்டார். முதல் நாள் மதிய உணவின்போது இதை அக்காவிடம் சொன்னேன். சிரித்தார். "நம்ம ஹீரோ பொகைபோக்கிப்பா. ஊரே வில்லன்னு சொல்லும். உண்மையில வில்லத்தனம் பண்ணானா இல்லையான்னு தினமும் நாமதான் போய்ப் பார்த்துக்கணும்" என்றார்.

அலுவலகக் கார் அவருக்கு உண்டு. ஆனால் பத்திரிகை அலுவலகங்களுக்குப் போகும் நாள் தவிர மற்ற நாள்களில் அதைத் தொட மாட்டார். கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் தண்டையார்பேட்டையில் ஏறுவார். பெண்கள் பெட்டி காலியாக இருந்தாலும் மீன்கூடைக்காரர்கள் ஏறும் வெண்டர் பெட்டியில்தான் நின்றுகொண்டு வருவார். வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஏறி இறங்கும் பெண்கள் பேசுவது அத்தனையும் அவர் காதில் விழும். எந்தத் தெருவில் அடிபம்பில் எண்ணெய் வாடை, எந்த ஆலை ராத்திரி இரண்டு மணிக்குப் புகையைத் திறந்துவிட்டது, முகத்துவாரத்தில் இறால் ஏன் குறைந்தது என்பதெல்லாம் ஆலையின் சுற்றுச்சூழல் பிரிவுக்கு எட்டும் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். காலைக் கூட்டத்தில் அவர் அதைச் சொல்லும்போது பொறியாளர்கள் முகம் சுளிப்பார்கள். சேலையில் மீன் வாடை வருகிறது என்று அவர் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டதையும் கேட்டிருக்கிறேன். அவருக்கும் அது தெரியும். "நாம ஊருக்குச் சொல்றதுக்கு மாசம் எத்தனை ஆயிரம் செலவு பண்றாங்க. ஊரு சொல்றதைக் கேக்க மூணு ரூவா டிக்கெட்" என்று கணக்குச் சொல்வார்.

எழுதக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். நட்டராஜ் பென்சிலைக் காதில் செருகியிருப்பார். நான் எழுதிக் கொடுக்கும் தாளில் முதலில் உரிச்சொற்களையெல்லாம் கோடிட்டு அடிப்பார். பிறகு 'எடுக்கப்பட்டு வருகிறது', 'மேற்கொள்ளப்படும்' என்று முடியும் வாக்கியங்களுக்குப் பக்கத்தில் 'யார்?' என்று எழுதுவார். உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது என்று எழுதினால், "உரியதுன்னா எது? எடுக்கிறவன் யாரு? அவன் இப்ப எங்க நிக்கறான்?" என்று மூன்று கேள்விகள் வரும். 'நிலைமை கட்டுக்குள் உள்ளது' என்பதை மட்டும் அவர் திருத்துவதில்லை. அந்தத் தாளையே இரண்டாக மடித்துத் திருப்பித் தந்துவிடுவார், போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுது என்று அர்த்தம். தெரியாத விஷயம் என்றால் 'இன்னும் தெரியவில்லை, இத்தனை மணிக்குச் சொல்கிறோம்' என்று எழுத வேண்டும்; அந்த மணிக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அழைத்துச் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது பாதியைத்தான் இத்தொழிலில் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். நானும் பலமுறை மறந்திருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஐவி லீ கதையைச் சொல்வார். ஆண்டுதோறும் ஏப்ரல் 21ஆம் தேதி தேசிய மக்கள் தொடர்பு தினக் கூட்டங்களில் பேசக் கூப்பிட்டாலும் அதே கதைதான். 1906ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டிக்குப் பக்கத்தில் மின்சார ரயில் ஒன்று பாலத்திலிருந்து தண்ணீருக்குள் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விபத்தை மூடி மறைப்பதுதான் அக்கால ரயில் கம்பெனிகளின் வழக்கம். அந்தக் கம்பெனிக்கு மக்கள் தொடர்பு வேலை பார்த்த லீ அதை மாற்றி, நடந்ததை ஓர் அறிக்கையாக எழுதி நிருபர்களுக்குக் கொடுத்ததோடு, கம்பெனி செலவிலேயே அவர்களை விபத்து நடந்த இடத்துக்கு அழைத்தும் போனார். முதல் செய்திக் குறிப்பு அதுதான் என்பார்கள். மற்றவர்கள் கதையை இங்கே நிறுத்திக் கைத்தட்டல் வாங்குவார்கள். அக்கா நிறுத்த மாட்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, கொலராடோவில் சுரங்கத் தொழிலாளர்களும் குடும்பத்தினரும் துப்பாக்கிச் சூட்டிலும் தீயிலும் கொல்லப்பட்ட பிறகு, இதே லீ முதலாளிக்காகத் தவறான விவரங்களை அச்சிட்டு அனுப்பியதையும், அதற்குப் பிறகு 'விஷ ஐவி' என்று அவருக்குப் பட்டம் கிடைத்ததையும் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். மேடையில் இருப்பவர்களின் முகம் அப்போது பார்க்கும்படியாக இருக்கும்.

பத்திரிகையாளர் சந்திப்புகளில் பணம் வைத்த 'கவர்' கொடுக்கும் வழக்கத்தைப் பற்றித் தொழிலில் இருப்பவர்கள் யாரும் வெளியே எழுதுவதில்லை. அவர் கொடுத்ததில்லை. நோட்டும் பேனாவும், மதியம் என்றால் பிரியாணியும் மட்டும்தான். ஆரம்பத்தில் சிலர் கூட்டத்துக்கு வராமல் நின்றார்கள். பிறகு அவர்களே வந்தார்கள், ஏனென்றால் இரவு பதினொன்றரைக்கு டெஸ்க்கிலிருந்து துணை ஆசிரியர் அழைத்தாலும் இரண்டாவது மணியில் எடுத்துப் பதில் சொல்லும் பி.ஆர்.ஓ. அவர் ஒருவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இனி நான் சொல்ல வந்தது.

1999ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஓர் இரவு. அலுவலகத்தில் நான் மட்டும் இருந்தேன். ஒன்பது மணி சுமாருக்கு ஒரு நாளிதழின் நிருபர் அழைத்தார். ஆலையின் பின்மதிலை ஒட்டிய தெருவில் நெடி அடிக்கிறது, குழந்தைகளுக்குக் கண் எரிகிறது என்று அங்கிருந்து அவருக்குப் போன் போயிருக்கிறது. ஷிப்டு பொறுப்பாளரைக் கேட்டேன். அளவுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, மழையில் கால்வாய் பொங்கினால் அந்தத் தெருவில் எப்போதும் நாறும் என்றார். அக்காவை வீட்டு எண்ணில் அழைத்து அவர் சொன்னதைச் சொன்னேன். அக்கா கேட்டது ஒரே கேள்வி: "நீ போய்ப் பார்த்தியா?"

பின்மதில் தெருவுக்குப் பத்து நிமிட நடை. குடை ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. வளாகத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நான் "பார்த்துட்டேன் மேடம். ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் தொலைபேசியிலேயே வாசகத்தைச் சொன்னார். நான் எழுதி, தட்டச்சு செய்து, ஒன்பது நாற்பதுக்கு எல்லாப் பத்திரிகைகளுக்கும் ஃபேக்ஸ் அனுப்பினேன். ஆலையில் எவ்விதக் கசிவும் ஏற்படவில்லை, ஆலைத் தரப்பில் நேரில் சென்று பார்த்து உறுதி செய்யப்பட்டுள்ளது, பொதுமக்கள் அச்சப்பட வேண்டாம். அடியில் அவர் பெயரும் எண்ணும். 'நேரில் சென்று பார்த்து' என்ற மூன்று சொற்களை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது இப்போதும் கையில் உறைக்கிறது.

விடியற்காலையில், அமோனியா போகும் குழாயின் இணைப்பு ஒன்றில் கேஸ்கெட் பழுதாகி இரவெல்லாம் கசிந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தார்கள். மழையும் காற்றும் நெடியை ஆலைக்குள் விடாமல் நேரே அந்தத் தெருவுக்குக் கொண்டுபோயிருக்கின்றன. குழந்தைகள் சிலரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கண்ணைக் கழுவி மருந்து போட்டு அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து யாருக்கும் இல்லை. அக்கா முதல் ரயிலில் வந்து, அலுவலகத்துக்குள் நுழையாமல் நேரே அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறார். எங்கள் செய்தியைத் தாங்கிய நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் அவரைச் சூழ்ந்து கேட்ட கேள்விகளை நான் தூரத்திலிருந்து கேட்டேன். அவற்றில் பலவற்றை இங்கே எழுத முடியாது. அவர் நகரவில்லை, பதிலும் பேசவில்லை. ஒரு குழந்தையின் முகத்தை ஏந்திக் கண்ணைப் பார்த்தார். பிறகு எந்த எந்த வீடு என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தார்.

அறைக்கு வந்ததும் ஈரச் சேலையோடு உட்கார்ந்து ஆறு வரி எழுதினார். அந்தத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. "நேற்றிரவு எங்கள் ஆலையில் கசிவு இல்லை என்று நாங்கள் வெளியிட்ட செய்தி தவறு. அமோனியாக் குழாயின் இணைப்பு ஒன்றில் இரவு கசிவு இருந்தது, காலை 5.10 மணிக்கு அடைக்கப்பட்டது. பின்மதில் தெருவில் குழந்தைகளுக்குக் கண்ணெரிச்சல் ஏற்பட்டிருக்கிறது. எத்தனை பேருக்கு என்பது இன்னும் முழுமையாகத் தெரியவில்லை. மாலை நான்கு மணிக்குச் சொல்கிறோம். போய்ப் பார்க்காமல் எழுதியது எங்கள் பிழை."

சட்ட ஆலோசகர் கடைசி வரியை எடுக்கச் சொன்னார். வழக்கு வந்தால் ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும் என்பது அவர் வாதம். வாதமாகப் பார்த்தால் அதில் தவறு இல்லை. நிர்வாகம் முழு அறிக்கையையுமே வேண்டாம் என்றது. ஒரு மணி நேரம் அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்து, அப்படியே அனுப்பு என்று தாளை என்னிடம் நீட்டினார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நேத்து எந்த கேட் வழியா தெருவுக்குப் போன?"

தண்ணீர் தேங்கியதால் பின்கேட்டை மாலை ஐந்து மணிக்கே பூட்டிவிட்டார்கள் என்பது அவருக்குக் காலையிலேயே தெரிந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரி, போய் ஒரு டீ சாப்பிட்டுட்டு வா" என்றார். நான் போகாமலேயே, போய்ப் பார்த்தேன் என்று சொன்னது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயமாகவே இருபத்தாறு ஆண்டுகள் இருந்தது. மறுநாள் பத்திரிகைகளில் ஆலை தவறை ஒப்புக்கொண்ட செய்தியோடு அவருடைய பெயரும் வந்தது. அவருக்கு மெமோ வந்தது, ஓராண்டு இன்கிரிமெண்ட் நின்றது. எனக்கு அந்தத் தீபாவளிக்கு வழக்கம்போல போனஸ் கிடைத்தது.

அதன் பிறகு அவர் ஆரம்பித்ததுதான் சங்கு. நம் வடசென்னையில் சைரனை யாரும் சைரன் என்று சொல்வதில்லை. பின்னி ஆலை ஓடிய காலத்தில் பெரம்பூர்ப் பக்கம் ஊரே ஆலைச் சங்கை வைத்துத்தான் எழுந்தது, சமைத்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. எங்கள் ஆலையிலும் அபாயச் சங்கு ஒன்று இருந்தது. ஆனால் அது ஊதினால் என்ன செய்வது என்று மதிலுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. அக்கா நிர்வாகத்திடம் போபாலைச் சொன்னார். 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவு தாண்டி அங்கே வாயு கசிந்தபோது, ஊருக்கான சங்கு சற்று நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. மக்கள் வீணாகப் பயப்படக் கூடாது என்பதற்காக வகுத்திருந்த நடைமுறை அது. மறுபடி அது முழுமையாக ஒலித்தபோது வாயு குடிசைகளுக்குள் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989இல் அபாயகரமான இரசாயனங்கள் பற்றிய விதிகளும் வந்தன. விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு, என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஆலையின் கடமை என்று அந்த விதிகளின் 15ஆவது விதி சொல்கிறது. அந்த விதியின் நகலை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

தெருத் தெருவாகக் கூட்டம் போட்டார். முதல் கூட்டத்திலேயே ஒரு மீன்காரம்மா எழுந்து, "இன்னா மேடம், சங்கு ஊதுனா ஓடணுமா, வூட்டாண்டயே குந்தணுமா? எங்களுக்குத் தெரிஞ்சு சங்கு ஊதுனா ஒரே அர்த்தந்தான்" என்றார். கூட்டம் முழுவதும் சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டு, அப்படி ஆகாமல் இருக்கத்தான் வந்திருக்கிறேன் என்றார். விட்டு விட்டு ஊதினால் ஆபத்து: துணியை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வரும் திசைக்கும் போகும் திசைக்கும் ஓடாமல் குறுக்கே நடக்க வேண்டும். அமோனியா தண்ணீரில் கரையும், அதனால்தான் ஈரத்துணி. நீளமாக ஒரே முறை ஊதினால் சரியாகிவிட்டது என்று பொருள். காற்று எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டபோது, கொடியில் காயும் லுங்கியைக் காட்டினார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனைச் சங்கு என்று முடிவாயிற்று. முதல் நாள் சாயங்காலமே அவர் ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிவிடுவார். ஓய்வு பெறும் வரை ஒரு மாதம்கூட அது தவறவில்லை.

2004ஆம் ஆண்டு சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு நினைவிருப்பது நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30. மறுபடியும் அலை வரலாம் என்று மத்திய உள்துறையிலிருந்து எச்சரிக்கை வந்து, தமிழகக் கடற்கரை நெடுகிலும் மக்கள் மறுபடி ஓடினார்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அன்றைக்கே மறுப்பும் வந்தது. நாங்கள் அப்போது திருவொற்றியூரில் நிவாரணப் பொருள்களோடு இருந்தோம். தெருவே பாய், பாத்திரத்தோடு மேற்கே ஓடிக்கொண்டிருந்தபோது, கைபேசிகள் எதுவும் வேலை செய்யாமல், அக்கா ஒரு பொதுத் தொலைபேசிக் கடைக்குள் நுழைந்து தெரிந்த நிருபர் ஒருவரைப் பிடித்துக் கேட்டார். பிறகு வெளியே வந்து, அலை வராது என்றும் சொல்லவில்லை, வரும் என்றும் சொல்லவில்லை. "எனக்குத் தெரிஞ்சது இதான்: எச்சரிக்கை வந்திருக்கு, அது தப்புன்னும் டில்லியிலயே சொல்றாங்க. பெரியவங்களையும் புள்ளைங்களையும் மட்டும் அந்தப் பக்கம் உக்கார வைங்க. நான் இங்கயே நிக்கறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் நின்றதைப் பார்த்துப் பலர் நின்றார்கள். அலுவலகத்தில் அவருக்கு 'எம்டன்' என்றொரு பட்டம் உண்டு. 1914 செப்டம்பரில் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்கில் குண்டு போட்ட அந்த ஜெர்மன் கப்பலின் பெயரை அவரிடம் பயந்தவர்கள் வைத்தார்கள். எம்டன் போட்ட குண்டைவிட, அது திரும்பி வருகிறது என்ற பேச்சில்தான் ஊர் காலியானது என்று தன் பாட்டி சொல்வார் என, அன்றிரவு லாரியில் திரும்பும்போது சொன்னார்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய 2006ஆம் ஆண்டு அறிவிக்கைக்குப் பிறகு ஆலையின் விரிவாக்கத்துக்காக மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டி வந்தது. முப்பது நாள் முன்னறிவிப்பு, நாளிதழ்களில் விளம்பரம், மாவட்ட ஆட்சியர் தரப்பின் தலைமை, அறிக்கையின் சுருக்கம் தமிழில் என்பவையெல்லாம் சட்டப்படி உண்டு. சுருக்கத்தை மொழிபெயர்த்துத் தந்த ஆலோசனை நிறுவனத்தின் தமிழைப் படித்துவிட்டு அக்கா, இது யாருக்குப் புரியும் என்று கேட்டார். 'உமிழ்வு' என்ற சொல் பக்கத்துக்கு நான்கு முறை வந்தது. அதை எடுத்துக்கொண்டு வெண்டர் பெட்டியில் ஏறி உரக்கப் படித்தார். கூடைக்காரப் பெண்கள் உமிழ்நீரா என்று கேட்டார்கள். 'புகைபோக்கி வழியாக வரும் புகையும் தூசியும்' என்று மாற்றினார். பதினெட்டுப் பக்கத்தையும் அப்படியே, ஒரு வாரம், போக வர ரயிலிலேயே திருத்தினார். கூட்டத்தில் அந்தப் பெண்களில் இருவர் சுருக்கத்தின் பக்க எண்ணைச் சொல்லிக் கேள்வி கேட்டார்கள், திட்டத்தை எதிர்த்துத்தான். நிர்வாகத்துக்கு அவர்மேல் வந்த கோபம் அடங்கப் பல மாதங்கள் ஆயின.

பெரிய நிறுவனங்கள் சட்டப்படி 2014 முதல் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்றானதும், தண்ணீர்த் தொட்டியைவிடப் பெயர்ப்பலகை பெரிதாக வைக்கும் காலம் வந்தது. அந்த ஆண்டுதான் அவர் ஓய்வுபெற்றார். நல்ல நேரத்தில் கிளம்பினார் என்றுதான் நினைத்தேன்.

அவரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, எங்களுக்குள் சண்டையே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2008இல் நான் இரண்டு மடங்கு சம்பளத்துக்கு நுங்கம்பாக்கத்து விளம்பர நிறுவனம் ஒன்றுக்குப் போனேன். அவர் எட்டு மாதம் என்னிடம் பேசவில்லை. அவருடைய நாக்கு கூர்மையானது. யார் முன்னால் என்று பார்க்காமல் பேசிவிடுவார். அதனால் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய மேலாளர் பதவி இரண்டு முறை கைமாறிப் போனது. என் நிறுவனத்தைச் 'சோப்புக் கம்பெனி' என்றுதான் கடைசி வரை சொன்னார். அங்கே சோப்பு விளம்பரம் ஏதும் செய்யவில்லை என்று நானும் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு மாலை பீச் ஸ்டேஷன் எதிரே தற்செயலாகப் பார்த்துக்கொண்டோம். ஒன்றும் பேசாமல் அத்தோ கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு தட்டு சொன்னார். அதற்குப் பிறகுதான் மேடம் அக்கா ஆனார்.

ஓய்வுக்குப் பிறகும் நிருபர்கள் அவரையே அழைத்தார்கள். 2017 ஜனவரி 28ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோது, பெரிய பாதிப்பு இல்லை என்றுதான் முதலில் செய்தி வந்தது. ஓரிரு நாளில் எர்ணாவூர்க் கரையில் எண்ணெய்க் கசடு தார்போல ஒதுங்கி, அதை இளைஞர்கள் பிளாஸ்டிக் வாளியில் கையால் அள்ளும் படங்கள் நாடெங்கும் போயின. அக்கா அந்த வாளிப் படம் வந்த தாளை எனக்குக் காட்டி, "இதுக்கு எந்த அறிக்கையால மறுப்பு எழுத முடியும்?" என்று கேட்டார். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடிய இரவில், அறுபத்தேழு வயதில், முழங்கால் வலியோடு உட்கார்ந்து, பழைய குறிப்பேட்டிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்து ஈரத்துணி, ஈரத்துணி என்று சொல்லிக்கொண்டிருந்ததாக மகள் பிறகு சொன்னாள். பாதி எண்கள் செயலில் இல்லை.

அந்த வியாழக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது தெருவை அடைத்துப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பெட்டி இன்னும் வரவில்லை. அவரைக் கட்டிலிலேயே படுக்க வைத்திருந்தார்கள். எட்டு மணிக்கெல்லாம் பின்மதில் தெருவிலிருந்து பெண்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கத் தொடங்கினார்கள். 1999இல் நாளிதழை அவர் முகத்துக்கு நேரே ஆட்டிக் கேட்டவர்களில் இருவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. அவர்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்து நின்றேன். மூலகொத்தளம் மயானத்துக்கு எடுத்துப் போக மாலை நான்கு மணி என்று முடிவாகியிருந்தது.

மாலைப் பதிப்புக்குள் வந்தால் தூரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும் என்று, இரங்கல் அறிவிப்பு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பந்தலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான்கு வரி எழுதினேன். உரிச்சொல் ஒன்றுகூட வைக்கவில்லை. மகளிடம் காட்டினேன். அவள் மெதுவாகப் படித்துவிட்டு, 'இன்று அதிகாலை 4 மணிக்கு' என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"நாலு மணின்னு யாருண்ணா சொன்னா?"

யாரோ பந்தலில் பேசிக்கொண்டது காதில் விழுந்து எழுதியிருந்தேன். "அஞ்சரைக்கு நான் காபி கொண்டு போனப்பவே ஒடம்பு சில்லுனு இருந்துச்சு. எப்பப் போனாங்கன்னு எனக்கே தெரியல" என்றாள்.

அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு அவளிடம் 1999ஆம் ஆண்டு மழை இரவைச் சொன்னேன். அவள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு முழுவதும் கேட்டாள். அம்மா சொன்னதே இல்லை என்றாள். உள்ளே போய் அந்த நட்டராஜ் பென்சிலை எடுத்துவந்து கொடுத்தாள். '4 மணிக்கு' என்பதை அடித்துவிட்டு, 'அதிகாலை' என்பதை 'அதிகாலையில், உறக்கத்தில்' என்று ஆக்கி, உறக்கத்தில் என்பதையும் மறுபடி அடித்தேன்.

பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் வாசித்தேன். எதிர்முனையில் இருந்த இளைஞர் எழுதிக்கொண்டே, "நேரம் போடலையா சார்?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.